வழிப்போக்கர் பாடிய ஊர் யாருடையது?

வெளியூர்க்காரர் ஒருவர் வருகிறார், சில நாள் தங்குகிறார், காதில் விழுந்ததை எடுத்துக்கொண்டு போய்ப் பாட்டுத் தொகுப்பாக வெளியிடுகிறார். அந்தத் தொகுப்பில் இருப்பது அந்த ஊரா, வந்து போனவரா? பெரிய கம்பெனிகளின் தயவை நம்பாமல் இயங்கும் இண்டி ராக் இசைக்காரர்களும் அவர்களுக்கு அக்கம்பக்கத்து வகைகளில் பாடுவோரும் கடந்த இருபது ஆண்டுகளில் இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கிளப்பியிருக்கிறார்கள். நியூ மெக்சிகோ இளைஞர் ஒருவர் பால்கன் நாட்டுப் பித்தளை வாத்தியங்களை வைத்து இசைத்தட்டு செய்தார். இங்கிலாந்து ராக் குழுவின் கிதார்காரர் ஒருவர் ஜோத்பூர்க் கோட்டைக்குள் போய் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்தார். லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த தமிழ்ப் பெண் ஒருவர் சென்னைக்கு வந்து உறுமி மேளத்தைப் பதிவு செய்து கொண்டு போனார்.

கேள்வி மட்டும் புதியதல்ல. ரமணர் 1879இல் பிறந்த ஊர் என்று இன்று அறியப்படும் திருச்சுழிக்கு, அதற்கு ஆயிரம் ஆண்டுகள் முந்தியே ஒரு வழிப்போக்கர் பாட்டு உண்டு. அதைப் பாடிய சுந்தரர் பாண்டி நாட்டுக்காரர் அல்ல, நடுநாட்டுத் திருநாவலூர்க்காரர். பயணியின் பாட்டைப் பற்றித் தமிழிலும் வெளியிலும் சொல்லப்பட்டுள்ள விடைகளை இங்கே வரிசைப்படுத்திப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் ஏதோ ஓர் இடத்தில் தடுக்கி விழுகிறது.

போய்ப் பாடியதும் இருந்த இடத்திலிருந்தே பாடியதும்

முதல் விடை மிக எளியது: நேரில் போனவர் பாட்டில்தான் ஊர் இருக்கும். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய பெரியபுராணம் இந்த நம்பிக்கையின் மேல்தான் நடக்கிறது. சுந்தரரும் அவர் தோழரான சேரமான் பெருமாளும் மதுரையில் பாண்டியனோடு தங்குகிறார்கள், பிறகு பாண்டி நாட்டுத் தலங்களை வழிபட்டபடி திருச்சுழியல், அதாவது இன்றைய திருச்சுழி, வந்து சேர்கிறார்கள். அங்கே இரவில் சுந்தரர் கனவில் இறைவன் கையில் செண்டும் தலையில் சுழியமுமாக இளைஞன் வடிவில் தோன்றி, தான் இருப்பது கானப்பேர் என்று சொல்லிப் போகிறான். கானப்பேர் என்பது இன்றைய காளையார்கோவில். விடிந்ததும் பயணம் அந்தப் பக்கம் திரும்புகிறது. ஏழாம் திருமுறையில் திருச்சுழியல் பதிகம் 82ஆவதாகவும் கானப்பேர்ப் பதிகம் 84ஆவதாகவும் நிற்கின்றன. ஊர், ராத்தங்கல், கனவு, அடுத்த ஊர் என்று பாட்டுக்குக் காரணமாகப் பயணத்தையே வைத்து நெய்யப்பட்ட கதை இது.

இதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்வதில் சிக்கல் உண்டு. சுந்தரரை 8ஆம் நூற்றாண்டிலோ 9ஆம் நூற்றாண்டிலோ வைத்தால், சேக்கிழாருக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஓடியிருக்கின்றன. பதிகங்களை முன்னால் வைத்துக்கொண்டு பயணத்தைப் பின்னால் கட்டினார்களோ என்ற ஐயம் ஆய்வாளர்களுக்கு இயல்பாகவே எழுந்தது. ஜார்ஜ் ஸ்பென்சர் 1970இல் எழுதிய கட்டுரை தேவாரத் தலங்களை ஒரு புனித நிலவியலாகப் படித்தது. இந்திரா பீட்டர்சன் 1982இல் இன்னும் ஓர் அடி போய், தலத்தைப் பாடுவதே பக்திப் பாட்டின் மரபான உத்தி என்றும் பயணம் அதில் உருவகமாகவும் வேலை செய்கிறது என்றும் காட்டினார். தலங்களின் கணக்கும் இதற்குச் சாய்வாகவே இருக்கிறது. பாடல் பெற்றவற்றில் காவிரிக்கு வடகரையில் 63, தென்கரையில் 127, பாண்டி நாட்டில் 14. பொழிலும் வயலும் புனலும் தேவாரத்தில் ஊர் ஊராக மாறாமல் வருகின்றன. கண்மாய் நிறைந்தால் விளைச்சல், இல்லையென்றால் சீமைக்கருவேல் என்று கிடக்கும் இன்றைய திருச்சுழி வட்டாரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது காவிரிக் கரையின் கண்ணாகத்தான் தெரியும். இந்த வட்டாரத்துக் குண்டாற்றில் அன்று எவ்வளவு தண்ணீர் ஓடியது என்பது வேறு விஷயம்.

ஆனால் மரபு தன் விடையில் தானே ஒரு சன்னலைத் திறந்து வைத்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. இதே பயணத்தில் சுந்தரர் இராமேசுவரம் போய், கடலைத் தாண்டாமல் கரையில் நின்றே ஈழத்துத் திருக்கேதீச்சரத்தைப் பாடினார் என்று பெரியபுராணம் கூசாமல் சொல்கிறது. வடநாட்டுத் தலங்களைக் காளத்தியில் நின்று பாடியதாகவும் அதே நூல் சொல்கிறது. போகாத ஊரின் பாட்டைக் குறைந்த பாட்டு என்று யாரும் தள்ளி வைக்கவில்லை. திருக்கேதீச்சரமும் பாடல் பெற்ற தலமாகவே எண்ணப்படுகிறது. நேரில் போனால்தான் உண்மை என்ற விதி சைவ மரபுக்கு உள்ளேயே செல்லாது போலிருக்கிறது.

இதன் நவீன இணை பெய்ரூட் என்ற பெயரில் பாடும் சாக் காண்டன். 2006இல் வந்த அவருடைய ‘குலாக் ஆர்கெஸ்டார்’ பால்கன் ஊர்வலப் பித்தளை இசையில் ஊறியது. அதன் பெரும்பகுதி அமெரிக்காவின் ஆல்புகர்க்கியில் வீட்டு அறையில் பதிவானது, ஐரோப்பியப் பயணங்களில் அந்த இசை அவர் காதில் விழுந்திருந்தது. போகாமலே பாடியது என்று சிலர் குறை சொன்னார்கள். தொகுப்பின் பலம் பால்கனில் இல்லை, தூரத்து ஊரை ஏங்கும் ஒரு பதின்வயதுக்காரனின் மனத்தில் இருக்கிறது என்று வேறு சிலர் சொன்னார்கள். இரண்டாவது தரப்பே சரி என்று எனக்குப் படுகிறது. ஆனால் அந்த ஏக்கத்துக்குச் சட்டை தைக்கப் பால்கன்காரரின் துணிதான் வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கற்றுக்கொண்டு திரும்பியவர்

பயணம் செய்தவரின் காது மாறும், மாறிய காதே தொகுப்பு. இது இரண்டாவது விடை. தமிழ்நாட்டில் இதற்கு நிறுத்தப்படும் சான்று முத்துசுவாமி தீட்சிதர். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, கரிசல் வெளியில் இருக்கும் எட்டயபுரத்தில் 1835இல் மறைந்தவர். திருவாரூரில் பிறந்து, இளமையில் சிதம்பரநாத யோகியோடு காசிக்குப் போய்ச் சில ஆண்டுகள் தங்கியவர். துவிஜாவந்தி, யமுனா கல்யாணி போன்ற ராகங்களில் அவர் செய்த கிருதிகளிலும், அவற்றின் அவசரமற்ற நடையிலும் துருபத் இசையின் நிழலைக் கேட்பவர்கள் பலர். வறண்ட வழியில் எட்டயபுரம் போகும்போது அமிர்தவர்ஷிணி பாடி மழை வந்தது என்ற கதை இந்தப் பக்கத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. கதையை நம்புகிறோமா என்பது இருக்கட்டும். வெளியூர்ப் பாடகர் இந்த நிலத்தின் தேவையைக் காது கொடுத்துக் கேட்டார் என்று ஊர் நினைக்க விரும்புகிறது.

தீட்சிதர் சான்று எவ்வளவு உறுதியானது? இரண்டு தடைகள் உண்டு. தஞ்சை மராட்டிய அரசவையிலேயே வடநாட்டு இசைக்காரர்கள் இருந்தார்கள், காசிக்குப் போகாமலே இந்துஸ்தானி கேட்க வழி இருந்தது. மேலும், அவர் பெயரில் பாடப்படும் எல்லாக் கிருதியும் 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் அச்சிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் இல்லை. பின்னாளில் சேர்ந்தவை பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. நொட்டுஸ்வரங்கள் இதைவிடத் தெளிவான சாட்சி. பிரிட்டிஷ் பட்டாளத்து பேண்டு வாசித்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சொல் போட்டார். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டுகூட அவற்றில் உண்டு. இங்கே பயணம் செய்தது தீட்சிதர் அல்ல, மெட்டு. ஆள்பவனின் இசையை ஆளப்பட்டவன் எடுத்துத் தன் தெய்வத்துக்குச் சூட்டியதை யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. எடுப்பவர் யார், கொடுப்பவர் யார் என்ற ஏற்றத்தாழ்வு அடுத்த விடையில்தான் நடுவுக்கு வருகிறது.

எடுத்துப் போனார்கள் என்ற வழக்கு

பால் சைமன் 1985 பிப்ரவரியில் ஜோகன்னஸ்பர்க் போய்த் தென்னாப்பிரிக்கக் கலைஞர்களோடு ஒலிப்பதிவு செய்து, 1986இல் ‘கிரேஸ்லேண்ட்’ வெளியிட்டார். நிறவெறி அரசுக்கு எதிரான ஐ.நா.வின் பண்பாட்டுப் புறக்கணிப்பு அப்போது நடப்பில் இருந்தது. புறக்கணிப்பை மீறினார் என்று ஒரு பக்கம் கண்டனம். மறுபக்கம், கலைஞர்களுக்கு நியூயார்க் சம்பள விகிதத்தைப் போல மூன்று மடங்கு கொடுத்தார், லேடிஸ்மித் பிளாக் மம்பாசோவை உலகம் அறியச் செய்தார் என்ற வாதம். நாடுகடந்து வாழ்ந்த ஹியூ மசகெலாவும் மிரியம் மக்கேபாவும் அவரோடு மேடை ஏறியதைப் பாதுகாப்புத் தரப்பு எப்போதும் எடுத்துக் காட்டும். நாற்பது ஆண்டு ஆகியும் இரு தரப்பும் அதே இடத்தில் நிற்கின்றன. அரசியல் கேள்வியும் கூலிக் கேள்வியும் ஒன்றாகக் குழம்பிப் போனது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

கூலிக் கேள்வியைத் தனியாகப் பிரித்துக் காட்டும் வழக்குகள் வேறு. சாலமன் லிண்டா 1939இல் ஜோகன்னஸ்பர்க்கில் பாடிப் பதிந்த ‘ம்பூபே’ உலகம் முழுதும் சிங்கம் தூங்கும் பாட்டாகச் சுற்றியது. அவர் 1962இல் வறுமையில் இறந்தார். குடும்பத்துக்கு உடன்பாடு வந்தது 2006இல். இன்னொன்று, சாலமன் தீவுகளில் அஃபுனாக்வா என்ற பெண் பாடிய தாலாட்டு. இசை ஆய்வாளர் ஹியூகோ செம்ப் 1970 வாக்கில் பதிவு செய்த அதை டீப் ஃபாரஸ்ட் என்ற பிரெஞ்சு இரட்டையர் 1992இல் நடனப் பாட்டாக்கி விற்றார்கள். ஆப்பிரிக்கக் காட்டுவாசிகளின் குரல் என்றே பலர் அதைக் கேட்டார்கள். ஸ்டீவன் ஃபெல்ட் 2000இல் இந்தத் தாலாட்டின் கதையை விரிவாக எழுதினார். ஆய்வாளரின் நல்லெண்ணப் பதிவுகூடக் களவுக்குக் கதவாகலாம் என்பது அதில் தெரியவந்தது. நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டிய வழக்கு இது.

களவு என்ற இந்த விடையின் பலம் அதன் கணக்கு வழக்கு. பலவீனம், ‘ஊர்’ என்பதை ஒரே உடைமைக்காரராகக் கற்பனை செய்வது. இதற்குக் கீழே திரும்பி வருவோம்.

‘கலா’வும் உறுமியும்

மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் வெளியிட்ட ‘கலா’ இந்த விவாதத்தைத் தமிழுக்குள்ளேயே கொண்டு வந்தது. முதல் தொகுப்புக்குத் தந்தையின் பெயர், இதற்குத் தாயின் பெயர். அமெரிக்காவில் இருந்து வேலை செய்ய நினைத்தார், விசா கிடைக்கவில்லை. அதனால் இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஜமைக்கா, ஆஸ்திரேலியா என்று பயணம் செய்தே தொகுப்பு உருவானது. இண்டி ராக் என்று அதைக் கறாராக வகைப்படுத்த முடியாது. ஆனால் எக்ஸ்.எல். என்ற சுயேச்சை நிறுவனம் இங்கிலாந்தில் வெளியிட்ட இதை, அந்த உலகின் விமர்சகர்கள்தான் முதலில் தலையில் தூக்கிவைத்தார்கள்.

சென்னையில் ஏ.ஆர். ரகுமான் தொடர்புகளையும் ஒலிப்பதிவுக்கூடத்தையும் கொடுத்து உதவினார். அங்கே பதிவான மேளம் ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ ஆகிய பாட்டுகளின் முதுகெலும்பு. அருப்புக்கோட்டை, திருச்சுழி, கமுதிப் பக்கத்துப் பொங்கல் சாட்டுகளில் உறுமிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாட்டுகளின் முதல் சில நொடிகளே போதும். இடை சிறுத்த உறுமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தி இழுத்தால் ஒரு முனகல் எழும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் அது மேலேறி இறங்கும். மறு முகத்தில் இன்னொரு குச்சி அடியைக் கணக்காகப் போட்டுக்கொண்டே இருக்கும். சாமி வருபவர் உடம்பில் முதலில் இறங்குவது அந்த இழுப்புத்தான். ‘கலா’வில் ஒலிப்பொறியாளர்கள் அடியைத் துண்டு துண்டாக நறுக்கி, மேலே கணினித் தாளத்தை ஏற்றியிருக்கிறார்கள். இழுப்பு இருக்கிறது, ஆனால் அது யாரையும் ஆடவைத்து முடித்து மலையேற்றி அனுப்பும் நிலைக்குப் போவதில்லை. நாலு நிமிடத்துக்குள் பாட்டு முடிகிறது. இதை இழப்பு என்றும் சொல்லலாம், உறுமிக்குக் கோயிலுக்கு வெளியே கிடைத்த வேறு வேலை என்றும் சொல்லலாம்.

இந்தத் தொகுப்பைப் பற்றி இரண்டு வாசிப்புகள் நிலைத்திருக்கின்றன. அகதியாக அலைந்தவரின் பயணத்தைச் சுற்றுலாக்காரரின் பயணத்தோடு சேர்க்கக்கூடாது, அவர் எடுத்தது தன் தாய்வழிச் சொத்து என்பது ஒன்று. ஏழ்மையை அழகுப்பொருளாக்கி மேற்கில் விற்றார் என்பது மற்றது. முதல் வாசிப்பு ஈழத்தையும் தென்தமிழ்நாட்டையும் ஒரே சொத்தாகக் கருதிவிடுகிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கரிசல்காட்டு மேளம் எந்த அளவுக்குச் சொந்தம் என்பது கேட்டே ஆக வேண்டிய கேள்வி. இரண்டாவது வாசிப்பு மேளக்காரரை வெறும் ஏழ்மையின் அடையாளமாகப் பார்க்கிறது, அவர் வாசிப்பின் நுணுக்கம் அதன் காதில் விழவே இல்லை. என் கவனத்துக்குப் பட்டது சின்ன விஷயம். நைஜீரிய வம்சாவளி ராப்பர் ஆஃப்ரிகன் பாயும், ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களான வில்கேனியா மாப் குழுவும் பாட்டின் தலைப்போடு சேர்ந்தே பெயர் பெறுகிறார்கள். உறுமி அடித்தவர்களுக்குத் தலைப்பில் இடம் இல்லை. வாய் திறந்தவர் கலைஞர், கை அசைத்தவர் பின்னணி என்ற பழைய வழக்கம் இங்கேயும் தொடர்கிறது.

இதற்கு மாற்றாகச் சில முயற்சிகள் உண்டு. சுனாமிக்குப் பிறகு சென்னை எர்த்ஸிங்க் நிறுவனம் இந்தியா, இலங்கை, இந்தோனேசியா உள்ளிட்ட பாதிக்கப்பட்ட கரைகளுக்குப் போய் அந்தந்த ஊர்க் கலைஞர்களைப் பதிவு செய்து 2007இல் ‘லயா பிராஜெக்ட்’ வெளியிட்டது. ரேடியோஹெட் குழுவின் ஜானி கிரீன்வுட், ஷை பென் சூர் ஆகியோர் ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டையில் பதிந்த ‘ஜுனூன்’ 2015இல் வந்தபோது, ராஜஸ்தான் எக்ஸ்பிரஸ் என்ற உள்ளூர்க் கலைஞர் குழுவின் பெயரும் அட்டையிலேயே இருந்தது. பெயர் அட்டையில் ஏறுவது முழு நியாயம் ஆகிவிடாது. ஆனாலும் பேசுவதற்கு ஒரு தொடக்கம்.

எந்த ஊர், யாருடைய ஊர்

மேலே சொன்ன விடைகள் எல்லாம் பயணியைச் சுற்றியே சுழல்கின்றன. போனாரா, கற்றாரா, எடுத்தாரா, அவருக்கு உரிமை உண்டா? ஊர்ப்பக்கம் இருந்து கேட்டால் கேள்வியே வேறு மாதிரி வரும். தென்மாவட்டங்களில் பறை, உறுமி, தவில் என்று ஒவ்வொரு தோல் கருவியைச் சுற்றியும் சாதிக் கோடு இருந்திருக்கிறது. மேளம் இல்லாமல் திருவிழா நடக்காது, மேளக்காரர் கோயிலுக்குள் போக முடியாது என்ற நிலை பல ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. சிவகங்கைச் சீமையில் பிறந்து நாட்டுப்புறப் பாடல்களை மேடைக்குக் கொண்டுவந்த கே.ஏ. குணசேகரனின் எழுத்துகளும், 2005இல் வந்த அவருடைய தன்வரலாறு ‘வடு’வும் கலைக்குக் கைதட்டுகிற ஊரே கலைஞரைத் தள்ளி நிறுத்துவதைத் திரும்பத் திரும்பப் பேசுகின்றன. அப்படியிருக்க, வெளிநாட்டு இசைத்தட்டு ‘எங்கள் ஊர் இசையைத் திருடியது’ என்று முதலில் குரல் கொடுக்க யாருக்கு உரிமை? மேளக்காரரை வாசலோடு நிறுத்திய ஊருக்கா?

பண்பாட்டுக் களவு பற்றிய மேற்கத்திய விவாதம் இந்த உட்பிரிவைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை, அங்கே கோடு வெள்ளையருக்கும் மற்றவருக்கும் இடையே விழுவதால் இருக்கலாம். நம்மூர்ச் சான்றுகள் அந்த விவாதத்துக்குக் கொடுக்கக்கூடிய திருத்தம் இதுதான் என்று நினைக்கிறேன். ‘ஊருக்கு’ என்று பொதுவாகக் கொடுக்கும் நன்றி பல நேரம் ஊர்ப் பெரியவர்கள் கையில் போய்ச் சேரும், அடித்த கைக்கு வராது. தமிழிலேயே நடந்த தகராறு ஒன்றும் இதைக் காட்டியது. 2021இல் ‘எஞ்சாய் எஞ்சாமி’ ஓடு ஓடென்று ஓடியது. பாட்டை எழுதிப் பாடிய அறிவு, இதழ் ஒன்றின் அட்டைப்படத்தில் விடுபட்டபோது எழுந்த சர்ச்சையின் மையக் கேள்வி, பாட்டுக்கான பெயர் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான்.

சட்டத்திடம் போனால் பாதி விடைதான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது. நிகழ்த்துநர் உரிமை 1994 திருத்தத்தில் சேர்க்கப்பட்டது, வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி பெறும் வழி 2012 திருத்தத்தில் வந்தது. ஆக, உறுமி அடித்தவருக்குத் தன் வாசிப்பின் மேல் உரிமை உண்டு. அவர் பாட்டன் வாசித்து வந்த அந்த அடிக்கு உரிமைக்காரர் யாரும் சட்டப்படி இல்லை. ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒரே தொகையாகப் பேசி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டு வருகிற வழக்கம் அந்தப் பாதி உரிமையையும் கரைத்துவிடும்.

திறந்தே கிடப்பவை

பயணம் இல்லாமலும் ஓர் ஊரை நேர்மையாகப் பாடலாம் என்பதைத் தேவார மரபின் திருக்கேதீச்சரப் பதிகம் ஓரளவு நிறுவுகிறது. பயணம் செய்தால் மட்டும் பாட்டுக்கு உரிமை வந்துவிடாது என்பதற்கு அஃபுனாக்வாவின் தாலாட்டு சாட்சி. இந்த இரண்டு முனைக்கும் நடுவே உள்ளவை எளிதில் தீராதவை. பொதுச்சொத்தான அடிக்கும் தனி ஆளின் வாசிப்புக்கும் எல்லை எங்கே? புலம்பெயர்ந்த பிள்ளை எத்தனை தலைமுறை வரை உள்ளூர்க்காரர்? நறுக்கி ஒட்டப்பட்ட பத்து நொடி வாசிப்புக்குக் கூலி எந்தக் கணக்கில்? பாட்டு எடுத்த ஊருக்குத் திரும்பி வந்து புழங்கினால் கடன் தீர்ந்ததா? சுந்தரர் பதிகம் திருச்சுழிக் கோயிலின் பாட்டாகவே ஆகிவிட்டது, அவரை வெளியூர்க்காரர் என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. ‘பேர்ட் ஃப்ளூ’வுக்கு அப்படி ஒரு திரும்பல் வாய்க்கும் என்று இன்று தோன்றவில்லை. ஆனால் பதிகத்துக்கும் அதற்கு நூற்றாண்டுகள் ஆகியிருக்கும்.

இந்தக் கேள்விகளை அலசுவதற்கே அடிப்படைத் தரவு குறைவு. பாட்டுகளைத் தொகுத்த அளவுக்கு வாசிப்பவர்களை நாம் தொகுக்கவில்லை. நா. வானமாமலை போன்றோரின் நாட்டுப்பாடல் சேகரிப்புக்குச் சொற்கள் அகப்பட்டன, தாளம் அகப்பட்டது குறைவு. அருப்புக்கோட்டை, மதுரைக் கல்லூரிகளின் நாட்டார் வழக்காற்றியல் மாணவர்கள் திருச்சுழி, நரிக்குடி, கமுதிப் பக்கத்து உறுமி செட்டுகளைத் தேடிப் போய், யார் வாசித்தார், யாரிடம் கற்றார், எந்தச் சாமிக்கு எந்த அடி, எந்த நாள், என்ன தொகை என்று எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவின் ஒரு படியை வாசித்தவர் கையிலேயே கொடுத்துவிட்டு வர வேண்டும்.